கெர்னலில் பெயர் மட்டும் மிஞ்சிய கான்ஃபிக் மாறிகள்

லினக்ஸ் கெர்னலில், எந்த வசதிகளைச் சேர்ப்பது என்ற தேர்வுகளை வரையறுக்கும் கேகான்ஃபிக் கோப்பில் ஒரு மாறியின் பெயரை மாற்றிவிட்டு, சி கோப்பில் பழைய பெயரை அப்படியே விட்டால் கம்பைலர் வாய் திறக்காது. அந்த மாறி இருந்தால் மட்டும் சேர் என்று சொல்லும் இஃப்டெஃப் நிபந்தனை பொய்யாகி, உள்ளிருக்கும் நிரல்வரிகள் கம்பைலே ஆகாது. ஒரு டிரைவருக்கு எது தேவை என்று கேகான்ஃபிக்கில் சொல்லும் 'டிபெண்ட்ஸ் ஆன்' வரியில் அந்தப் பழைய பெயர் மட்டும் இருந்தால் இன்னும் மோசம்: டிரைவர் கான்ஃபிக் மெனுவிலேயே தெரியாது.

இப்படிப்பட்ட பெயர்களை கிரெப் என்ற தேடல் கட்டளையோடு மல்லுக்கட்டித் தேடுவதை விட்டு, வரையறை இல்லாத பெயர்களைக் கண்டுபிடிக்கும், ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள 'செக்கேகான்ஃபிக்சிம்பல்ஸ்' பைத்தான் நிரலை ஓட்டினேன். கெர்னலின் முழு மூலநிரல் மரத்தையும் சோதித்தால் பழைய குப்பையும் சேர்ந்து வரும். '--டிஃப்' கொடுத்து இரண்டு கமிட்டுகளுக்கு (கிட்டில் சேமித்த மாற்றப் பதிவுகளுக்கு) இடையே புதிதாக முளைத்ததை மட்டும் எடுங்கள். கூடவே '--ஃபைண்ட்' கொடுத்தால் காரணமாக இருக்கக்கூடிய கமிட்டையும் காட்டும். எழுத்துப்பிழையோ என்று தோன்றினால் '--சிம்' ஒத்த பெயர்களைத் தரும்.

ஒன்று கவனம். டிஃப் ஓடும்போது உள்ளே, சேமிக்காத மாற்றங்களை அழிக்கும் 'கிட் ரீசெட் ஹார்ட்' நடக்கிறது. கமிட் செய்யாத மாற்றம் இருந்தால் நிரல் ஓட மறுக்கும். '--ஃபோர்ஸ்' போட்டு மீறினால் அந்த வேலை போய்விடும்.