ஊரிலிருந்து மாஸ்டரைச் சிங்கப்பூருக்குக் கூட்டிவரும் முன்

சிங்கப்பூரில் சாப்பாட்டுக் கடை போட நினைக்கும் நம்மூர்க்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, சமையல் மாஸ்டரை ஊரிலிருந்து எப்படிக் கூட்டிவருவது என்றுதான். சிறு கடைகளுக்குச் சம்பளக் கணக்குப் பார்ப்பவன் என்பதால் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: உள்ளூர் ஆட்கள் எத்தனை பேரை வைக்கப் போகிறீர்கள்? பலருக்கு முகம் சுருங்கிவிடும். ஆனால் மாஸ்டர் வருவாரா மாட்டாரா என்பதே அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

உணவகம் இங்கே சேவைத் துறையில் வருகிறது. வேலை அனுமதிச் சீட்டில், அதாவது வொர்க் பெர்மிட்டில், அந்தத் துறைக்கு இந்தியாவிலிருந்து ஆள் எடுக்க முன்பு வழியே இல்லை. மலேசியா, சீனா, ஹாங்காங், மக்காவ், தென் கொரியா, தைவான், அவ்வளவுதான். 2023 செப்டம்பர் 1 முதல்தான் இந்திய உணவகங்கள் இந்தியச் சமையல்காரரை அந்தச் சீட்டில் எடுக்கலாம் என்று ஆனது. அதற்கும் இரண்டு நிபந்தனைகள். மாத நிலைச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும், அப்புறம் இப்படி வருகிறவர்கள் கடையின் மொத்த ஆட்களில் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், பன்னிரண்டு பதின்மூன்று பேர் வேலை செய்யும் கடைக்குத்தான் ஒரு மாஸ்டர் தேறுவார். நாலு மேசை போட்ட மெஸ்ஸுக்கு இந்த வழி உதவாது, இங்கேயே இருக்கும் ஆளைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். எல்லா நாட்டு வெளிநாட்டு ஊழியர்களையும் சேர்த்து 35 சதவீதம் என்ற உச்சவரம்பு தனியாக இருக்கிறது, மீதி உள்ளூர் ஆட்களாக இருக்க வேண்டும்.

உள்ளூர் ஆள் என்றால் சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும். அவர்களையும் தலையெண்ணி விட முடியாது, சம்பளத்தை வைத்துத்தான் எண்ணுவார்கள். 2024 ஜூலையில் நிர்ணயித்தபடி மாதம் 1,600 வெள்ளியோ அதற்கு மேலோ வாங்குபவர் ஒருவர், 800 முதல் 1,600க்குள் வாங்குபவர் அரை ஆள், அதற்குக் கீழே என்றால் கணக்கிலேயே இல்லை. இந்த எண்களை அவ்வப்போது உயர்த்துவார்கள், அதனால் விண்ணப்பிக்கும் அன்று மனிதவள அமைச்சின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேலைக்கே வராத மச்சான் பேரிலும் மாமியார் பேரிலும் சேம நிதி (ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பு) கட்டி ஆள் கணக்குக் காட்டும் யோசனையைச் சிலர் ரொம்ப உரிமையோடு சொல்லித் தருவார்கள். அது பொய்த் தகவல் கொடுத்த குற்றம், சிறை வரை போகும். செய்யாதீர்கள்.

சரி, இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் முதல்கட்ட ஒப்புதல் கடிதம் வரும், எல்லாரும் ஐபிஏ என்பார்கள். அதில் சம்பளமும் பிடித்தங்களும் எழுதியிருக்கும். மாஸ்டர் விமானம் ஏறும் முன்பே அது அவர் கையில் இருக்க வேண்டும். அதில் 2,000 என்று போட்டுவிட்டு, இங்கே வந்தபின் "இப்போதைக்கு 1,400 வாங்கிக்கொள் தம்பி, கடை சூடு பிடிக்கட்டும்" என்று சொல்ல முடியாது. அவர் எழுத்தில் சம்மதிக்காமலும் அமைச்சுக்குத் தெரிவிக்காமலும் அடிப்படைச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. இந்தியச் சமையல்காரர் என்றால் சம்மதமே வாங்கினாலும் 2,000க்குக் கீழே இறக்க வழியில்லை.

அவர் வருமுன் 5,000 வெள்ளிக்குப் பிணைப் பத்திரம் வேண்டும். முழுப் பணத்தையும் கட்ட வேண்டியதில்லை, காப்பீட்டு நிறுவனத்திடம் உத்தரவாதம் வாங்கினால் போதும். ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி அளவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அடுப்படி வேலை என்பதால் வேலையிடக் காயத்துக்கான காப்பீடும் கட்டாயம். வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் தீர்வை, அதாவது லெவி, மாதாமாதம் வேறு. தங்குமிடம் ஒழுங்காக இருக்கிறதா என்பது உங்கள் பொறுப்பு, திருப்பி அனுப்பும்போது டிக்கெட்டும் உங்கள் செலவு. லெவியையோ காப்பீட்டையோ பிணைப் பணத்தையோ அவர் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டை "பத்திரமாக இருக்கட்டும்" என்று வாங்கிக் கல்லாவில் பூட்டுவதும் கூடாது.

நான் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு. ஊரில் வெளிநாட்டு வேலை என்றாலே பணம் கட்டித்தான் போக வேண்டும் என்று ஆகிவிட்டது, மாஸ்டரே இரண்டு லட்சத்தோடு வந்து நிற்பார், வாங்கிக்கொண்டால் என்ன என்று தோன்றும். வேலை கொடுப்பதற்கோ பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்கோ முதலாளி ஊழியரிடம் பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அவராக மனமுவந்து கொடுத்தார் என்று சொல்லித் தப்ப முடியாது. ஏஜென்ட் வழியாக எடுத்தால் அவர் என்ன வாங்கினார் என்று மாஸ்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் ஏஜென்சி, ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் போனாலும் இரண்டு மாதச் சம்பளம், அதற்கு மேல் ஊழியரிடம் வாங்கக் கூடாது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்.

இனி மாதாமாதச் சம்பளம். வேலையில் சேர்ந்து 14 நாளுக்குள் முக்கிய வேலை விதிமுறைகளை எழுத்தில் கொடுங்கள்: வேலை நேரம், ஓய்வு நாள், அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம், விடுப்பு. சம்பள மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓவர்டைம். கூடவே விவரமான சம்பளச் சீட்டு. வங்கியில் போடுங்கள், கையில் கொடுத்துவிட்டு நோட்டில் கையெழுத்து வாங்குவது பின்னால் தலைவலி. தங்குமிடம் என்று பிடிப்பதானால் அவருடைய சம்மதம் எழுத்தில் வேண்டும், அதுவும் சம்பளத்தில் 25 சதவீதத்துக்குள்.

ஓவர்டைமில்தான் கடைகள் மாட்டுகின்றன. வாரம் 44 மணி நேரம் போக மீதிக்கு ஒன்றரை மடங்கு. மணிக்கூலி கண்டுபிடிக்க மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 வாரம் பெருக்கல் 44 மணி, அதாவது 2,288ஆல் வகுக்க வேண்டும். 2,000 வெள்ளிக்கு மணிக்கு 10.49, ஓவர்டைமுக்கு 15.73. காலை பத்து முதல் இரவு பத்து வரை, நடுவில் ஒரு மணி ஓய்வு, வாரம் ஆறு நாள் என்று வையுங்கள். மாதத்துக்கு 95 மணி ஓவர்டைம் ஆகிவிடும். சட்டம் விடுவது 72தான். அந்த ஒரு மணி ஓய்வுக்குப் பதிலாக, மதியக் கூட்டம் வடிந்தபின் மூன்று மணி நேரம் அவரை உண்மையாகவே விட்டுவிட்டால் (வெங்காயம் உரிக்கச் சொல்லாமல்) அது 43 மணியாக இறங்கும், நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது சுமார் 676 வெள்ளி. வாரத்தில் ஒரு ஓய்வு நாள் கட்டாயம். நீங்கள் கேட்டு அன்று முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் கூலி.

உள்ளூர் ஊழியருக்குக் கணக்கு வேறு. 2,400 வெள்ளி வாங்கும், 55 வயது தாண்டாத சிங்கப்பூரர் என்றால் மத்திய சேம நிதிக்கு அவரிடமிருந்து 20 சதவீதம், 480 வெள்ளி பிடித்து, நீங்கள் 17 சதவீதம், 408 வெள்ளி சேர்த்து மொத்தம் 888 கட்ட வேண்டும், அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள். அவர் இந்தியர் என்றால் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) நிதிக்கு 5 வெள்ளி பிடித்தம் உண்டு, வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுத்தாலொழிய. திறன் மேம்பாட்டுத் தீர்வை 0.25 சதவீதம், 6 வெள்ளி, உங்கள் கையிலிருந்து, இது மாஸ்டருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியது. மாஸ்டருக்குச் சேம நிதி கிடையாது. வெளிநாட்டு ஊழியர் இருக்கும் கடை என்பதால் உள்ளூர் உணவக ஊழியர்களுக்குப் படிப்படியான சம்பள உயர்வுத் திட்டத்தின் குறைந்தபட்சத் தொகையும் பொருந்தும், அதைப் பார்த்தபின் சம்பளம் பேசுங்கள்.

மாஸ்டர் வேலையை விட்டுப் போகிறார் என்றால், குறைந்தது ஒரு மாதம் முன்பே வருமான வரி ஆணையத்துக்கு ஐஆர் 21 படிவம் (வெளிநாட்டு ஊழியர் வேலையை விடுவதைத் தெரிவிப்பது) அனுப்பி, அவருக்குத் தர வேண்டிய பணத்தை வரி முடியும்வரை நிறுத்திவைக்க வேண்டும். இதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசிச் சம்பளத்தை அமுக்கிவிட்டீர்கள் என்றுதான் நினைப்பார்.