பல் முளைக்காத குழந்தைக்குக் கையில் பிடித்துச் சாப்பிடும் உணவு: தொடங்கும் முறை

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்து வீடுகளில் குழந்தைக்கு 6 மாதம் நிறைந்ததும் பருப்புச் சாதமும் கேழ்வரகுக் கூழும் தொடங்கிவிடுகின்றன. ஆனால் குழந்தை தானே கையால் எடுத்து உண்பதை மட்டும், பல் முளைக்கட்டும் என்று பெரியவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். பதமாக வெந்த உணவை ஈறுகளே நசுக்கிவிடும் என்பதால் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. கூழும் மசியலும் செய்வது எல்லோரும் அறிந்ததே. ஆகவே, எங்கள் வீட்டில் பழக்கிய கையுணவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கழுத்து நன்றாக நின்று, சிறு துணையோடு நிமிர்ந்து உட்கார்ந்து, வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளாமல் இருந்தால் குழந்தை ஆயத்தமாகிவிட்டது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையானால் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள். படுக்க வைத்தோ, நடைவண்டியில் ஓட விட்டோ ஒருபோதும் கொடுக்கக் கூடாது. மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்வதே போதுமானது. நாற்காலி வாங்குவதென்றால், கால் ஊன்றப் பலகை உள்ளதையே நான் பரிந்துரைப்பேன்.

அடுத்தது துண்டின் அளவு. 6, 7 மாதக் குழந்தை எதையும் உள்ளங்கையில் இறுக்கித்தான் பிடிக்கும். கைக்குள் மறைந்துபோகும் சிறு துண்டை அதனால் வாய்க்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே நம் விரல் நீளத்திற்கு, முஷ்டிக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டிருக்கும்படி நறுக்குங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளியெடுக்கும் பழக்கம் பெரும்பாலும் 9 மாதத்தை ஒட்டி வரும். சிறு துண்டுகளுக்கு அப்போது மாறினால் போதும்.

பதத்தை அறிய, அந்த இரு விரல்களுக்கிடையே துண்டை மெல்ல அழுத்திப் பாருங்கள். தடையின்றி நசுங்க வேண்டும். பரங்கிக்காய், கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவற்றைத் தண்ணீரில் வேகவைப்பதைவிட ஆவியில் அவிப்பது நல்லது. துண்டு வடிவம் கலையாமல் வெந்துவிடும். இதற்கு இட்லிக் குண்டானையே விரும்புகிறேன். குக்கரில் ஒரு விசில் கூடினாலும் காய் குழைந்து, குழந்தை பிடித்தவுடன் பிதுங்கிவிடுகிறது.

இட்லி எளிதான உணவு என்று தோன்றும். ஆனால் மிகுந்த கவனம் தேவைப்படுவது அதற்குத்தான். ஆறிய இட்லி ஈரம் வற்றி, வாயில் மாவு உருண்டையாகி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மாவில் உப்புக் கலப்பதற்கு முன்பே குழந்தைக்கு ஒரு கரண்டி தனியே எடுத்து வையுங்கள். சூடு தணிந்த இட்லியை நீளவாக்கில் விரல் விரலாக அரிந்து, ஒவ்வொன்றையும் பருப்புத் தண்ணீரில் ஒரு முறை தோய்த்து உடனே கொடுங்கள், ஊறவிட்டால் உதிர்ந்துபோகும். தட்டில் ஒரே நேரத்தில் இரண்டு துண்டுகளுக்கு மேல் வைக்காதீர்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர் இரண்டு வாய், சிறு எவர்சில்வர் டம்ளரில் அருகே இருக்கட்டும்.

நன்கு பழுத்த வாழைப்பழத்தைக் கத்தியால் நறுக்கினால் வழுக்கும். உரித்த பழத்தின் நுனியில் விரலை நடுவாக அழுத்தினால் அது நீளவாக்கில் மூன்றாகப் பிரியும்; அந்தச் சொரசொரப்பான பக்கம் பிடிக்க வசதியானது. பப்பாளித் துண்டு வழுக்கினால் உதிர்த்த இட்லியில் புரட்டிக் கொடுங்கள்.

ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. உப்பும் சர்க்கரையும் வேண்டாம். முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பச்சைக் கேரட், முறுக்குத் துண்டு ஆகியவை மூச்சை அடைக்கக் கூடியவை. புதிய உணவை ஒவ்வொன்றாகத் தொடங்கி, மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுங்கள். நன்றாக வெந்த முட்டையை முதலில் காலை வேளையில் சிறிதளவு கொடுத்தால், தடிப்போ வாந்தியோ வந்தால் பகலிலேயே மருத்துவரிடம் போகலாம்.

தொடக்கத்தில் குழந்தை ஓங்கரிக்கும். முகம் சிவந்து, சத்தமாக இருமி, உணவைத் தானே முன்னால் தள்ளும். பதறாமல் காத்திருங்கள்; வாய்க்குள் விரல் விட்டால் துண்டு உள்ளே போய்விடக் கூடும். சத்தமே வராமல், அழ முடியாமல், உதடு நீலம் பாய்ந்தால் அது மூச்சடைப்பு. உடனே குழந்தையை முன்னங்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தித் தாங்கிக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு இடையே 5 முறை தட்டுங்கள். வராவிட்டால் மல்லாத்தி மார்பின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும் வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். அருகிலிருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். இதை மருத்துவரிடமோ செவிலியரிடமோ முன்கூட்டியே செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் கற்றுக்கொடுங்கள்.

பின்சேர்க்கை: காசிமேட்டு மீனைக் கொடுக்கலாமா என்று தாய்மார் சிலர் கேட்டார்கள். கொடுக்கலாம். மீனிலும் முட்டையிலும் உள்ள இரும்புச்சத்து, 6 மாதத்திற்குப்பின் தாய்ப்பாலில் மட்டும் போதாமல் போவதை ஈடுசெய்ய ஓரளவு உதவும். சங்கரா போன்ற மீனை ஆவியில் அவித்து, வெளிச்சத்தில் வைத்து விரலால் உதிர்த்து, முள் தட்டுப்படுகிறதா என்று இருமுறை தடவிப் பாருங்கள். பால் சுறாப் புட்டு நம் பகுதியில் பிள்ளை பெற்றவர்களுக்கென்றே செய்யப்படுவது. ஆனால் சுறாவின் உடலில் பாதரசம் மிகுதியாகச் சேர்வதால் குழந்தைக்கு அது வேண்டாம்.