லென்ஸுக்குள் போன ஹாலோகிராம் படலம் நிறம் மாறியது: என் அனுபவம்

ஸ்மார்ட் கண்ணாடியில் ப்ரொஜெக்டரின் படத்தைக் கண்ணுக்குத் திருப்பிவிடுவது ஒரு ஹாலோகிராம் படலம். 532 நானோமீட்டர் பச்சை லேசரில் நான் பதிவு செய்த போட்டோபாலிமர் (ஒளி பட்டால் மாறும் பிளாஸ்டிக்) படலம், வெளியில் பளிச்சென்று இருந்தது. மூக்குக்கண்ணாடி லென்ஸுக்குள் வைத்து பிசின் ஊற்றி இறுகவிட்டதும், ப்ரொஜெக்டர் படம் மங்கிவிட்டது. வெள்ளை விளக்கில் சாய்த்துப் பார்த்தேன்: நடுவில் பச்சை, ஓரங்களில் மஞ்சள்.

அந்த மஞ்சள்தான் துப்பு. இறுகாத பிசின் படலத்துக்குள் ஊறி அதை உப்ப வைத்திருக்கிறது. படலத்துக்குள் ஒளியைத் திருப்பும் ஹாலோகிராம் அடுக்குகளின் இடைவெளி சுமார் 177 நானோமீட்டர்தான். அது 3 சதவீதம் விரிந்தாலே பிரதிபலிக்கும் நிறம் 16 நானோமீட்டர் நகர்ந்துவிடும். ப்ரொஜெக்டரின் லேசர் ஒளி அதில் சரியாகப் பிரதிபலிக்காமல் கடந்து போகும்.

சரி, ஊறுவதைத் தடுக்க வேண்டும். பதிவு முடிந்ததும் புற ஊதா விளக்கில் படலத்தை முழுக்க இறுக்கினேன். அப்புறம் பிசினைத் தடுக்கும் உறையாகப் பாலிவினைல் ஆல்கஹால் (நீரில் கரையும் பிளாஸ்டிக்) கரைசலை மெல்லப் பூசி, வெட்டிய விளிம்பையும் மூடி, நன்றாக உலரவிட்டேன். விளிம்பை விட்டால் பிசின் அந்த வழியாகவே நுழையும். ஊற்றியதும் அறை வெப்பநிலையிலேயே சீக்கிரம் இறுகும் பிசினுக்கு மாறினேன்.

இப்போது ஓரம் வரை ஒரே பச்சை. படலத்தை லென்ஸைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டுங்கள். பிரேமுக்காகத் தேய்க்கும்போது தண்ணீர் உள்ளே போகாது.