விக்டோரியா காலத்து முதியோர் கல்வி: வரலாறு படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்டோரியா ராணி பிரிட்டனை ஆண்டது 1837 முதல் 1901 வரை. அன்றைய முதியோர் கல்வியை, அதாவது வேலைக்குப் போகும் பெரியவர்களின் படிப்பை, எழுதுபவர்கள் இந்த 64 வருஷத்தையும் ஒரே காலமாக நினைத்துவிடுகிறார்கள். 1842-இல் கூலிக்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த லங்காஷயர் ஆலைத் தொழிலாளி எங்கே, சனிக்கிழமை மத்தியானமே ஆலை மூடியதும் கால்பந்து பார்க்கப் போன 1890-களின் பேரன் எங்கே! வரலாற்றாசிரியர் ஜே.எஃப்.சி. ஹாரிசன் தொடக்க காலத்துக்கும் கடைசிக் காலத்துக்கும் தனித்தனிப் புத்தகமே எழுதினார்.

அடுத்தது, கல்யாணப் பதிவேடு. 1840 வாக்கில் மாப்பிள்ளைகளில் மூன்றில் ஒருவரும், பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேரும் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். உடனே ‘படிக்கத் தெரியாதவர்கள்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அன்று முதலில் வாசிக்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள், எழுத்து பிறகுதான். ஓய்வுநாளில் எழுதுவது பாவம் என்று பல ஞாயிறு பள்ளிகள் எழுத்தே சொல்லித்தரவில்லை. பைபிளைத் தடங்கலின்றி வாசித்த பெண்ணும் அந்தக் குறியைப் போட்டிருக்கலாம். பெயரை மட்டும் எழுதப் பழகியவர் கையெழுத்தும் போட்டிருக்கலாம்.

பெரிய தவறு, கல்விக்கூட நிர்வாகிகளின் ஆண்டறிக்கையை அப்படியே நம்புவது. லண்டனில் 1823-இல் ஜார்ஜ் பர்க்பெக் முன்னின்று தொடங்கிய மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற தொழிலாளர் கல்விக்கூடத்தைப் பார்த்து ஊர் ஊராக அப்படிக் கூடங்கள் எழுந்தன. பல இடங்களில் ஆலை முதலாளிகளே புரவலர்கள். அரசியலும் மதமும் பேசத் தடை. பிறகு, ‘தொழிலாளிகள் வரவில்லை, குமாஸ்தாக்களும் கடைக்காரர்களும்தான் வருகிறார்கள்’ என்று நிர்வாகிகளே அங்கலாய்த்தார்கள். பன்னிரண்டு மணிநேரம் தறியில் நின்றவன், சந்தாவும் கட்டி, பேச வேண்டியதைப் பேசவும் முடியாத இடத்துக்கு ஏன் போவான்? அவன் படித்த இடம் வேறு. 1836 வரை ஒவ்வொரு செய்தித்தாளுக்கும் நாலு பென்ஸ் முத்திரை வரி. ஆகவே ஒரு தாளை ஒருவர் உரக்க வாசிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள். தொழிலாளிகளுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய சார்ட்டிஸ்டுகளின் கூட்டங்களிலும் சமையலறையில் கூடிய சுய முன்னேற்றக் குழுக்களிலும் படிப்பு நடந்தது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்விப் பிரிவில் வேலை பார்த்த ஹாரிசன், கல்விக்கூடங்களோடு நிற்காமல் கூட்டுறவுச் சிந்தனையாளர் ராபர்ட் ஓவனின் சீடர்களையும் சார்ட்டிஸ்டுகளையும் தேடிப்போனது இதனால்தான் என்பது என் எண்ணம். ஆண்டறிக்கை கையில் கிடைத்தால் தலைவர் உரையைத் தள்ளிவைத்துவிட்டு சந்தா எவ்வளவு, வகுப்பு எத்தனை மணிக்கு என்று முதலில் பாருங்கள்.

1903-இல் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் தொடங்கிய தொழிலாளர் கல்விச் சங்கத்தையும் சிலர் விக்டோரியா கணக்கில் சேர்க்கிறார்கள். அதற்குள் ராணி இறந்து இரண்டு வருஷம். அந்தக் கணக்கில் வர வேண்டியது, ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முயற்சியால் 1873-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வெளியூர்களில் நடத்தத் தொடங்கிய விரிவுரைகள்.