பெரிய கேம்ஷாஃப்ட் வாங்கும் முன்: எஞ்சின் பாகங்களைப் பொருத்தம் பார்ப்பது எப்படி?

கேம் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு, கேம்ஷாஃப்ட்), கார்புரேட்டர், வால்வு எல்லாம் பெரிதாகப் போட்டால் கார் பறக்கும் என்றுதான் முதலில் தோன்றும். கட்டி முடித்து ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங்கே ஒழுங்காக நிற்காது. பாகங்களில் குறை இல்லை, பொருத்தம்தான் இல்லை.

முதல் படிக்குக் காகிதமும் பேனாவும் போதும். எஞ்சின் அதிக நேரம் எந்த ஆர்பிஎம்மில் ஓடப்போகிறது? 2000 முதல் 5500 வரை என்றால், கேம், சிலிண்டர் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), இன்டேக் (கலவை உள்ளே வரும் வழி), எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வழி) நான்கையும் அந்த வரம்புக்கே தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது கேமும் கம்ப்ரஷனும் (பிஸ்டன் கலவையை எவ்வளவு நெருக்கி அழுத்துகிறது என்பது). நீண்ட டியூரேஷன் கேம், அதாவது வால்வை அதிக நேரம் திறந்துவைக்கும் கேம், இன்டேக் வால்வைத் தாமதமாக மூடும். குறைந்த வேகத்தில், மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் கொஞ்சத்தைத் திரும்ப வெளியே தள்ளிவிடும், இழுவை போய்விடும். அதை ஈடுகட்டத்தான் கம்ப்ரஷனைக் கூட்டுகிறோம். கேமை மாற்றாமல் கம்ப்ரஷனை மட்டும் ஏற்றினால் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வரலாம்.

கம்ப்ரஷன் விகிதத்தின் கணக்கு எளிது. ஒரு சிலிண்டர் 500 சிசி, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 50 சிசி என்றால், 550-ஐ 50-ஆல் வகுக்க 11. மிஞ்சும் இடம் 62.5 சிசி ஆனால் 9-தான். வித்தியாசம் வெறும் இரண்டரை டீஸ்பூன்! அதனால் விளம்பர அட்டையில் உள்ள எண்ணை நம்பாமல், ஹெட்டின் குழிவை ப்யூரெட்டால் (அளவுக் குறியிட்ட குழாய்) அளந்துவிடுங்கள். கேஸ்கெட்டின் (ஹெட்டுக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு) தடிமனையும் பிஸ்டன் தலையின் பள்ளம் மேட்டையும் சேர்க்க மறக்க வேண்டாம்.

வால்வு ஸ்பிரிங்கில் சொந்த யோசனை வேண்டாம், கேம் தயாரிப்பாளர் சொன்னதையே போடுங்கள்.

கடைசியாகக் களிமண் சோதனை, வால்வு பிஸ்டனில் முட்டாமல் போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க. பிஸ்டன் தலையில் வால்வு வரும் இடத்தில் களிமண்ணை அப்பி, மேலே லேசாக எண்ணெய் தடவுங்கள். ஹெட்டை மாட்டி, டைமிங் சரிபார்த்து, கிராங்கை (பிஸ்டன்களோடு இணைந்த முக்கியத் தண்டு) கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது முட்டினால் அழுத்தாதீர்கள். கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் லிஃப்டர் ஹைட்ராலிக் வகை என்றால், அமுங்கித் தப்பான அளவு காட்டும். சோதனைக்கு மட்டும் சாலிட் லிஃப்டர் போடுங்கள். அப்புறம் கழற்றி, களிமண்ணைப் பிளேடால் வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளங்கள். பொதுவாக இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. வேண்டும். குறைந்தால் பிஸ்டனில் பள்ளத்தை ஆழப்படுத்த வேண்டும், இல்லையென்றால் சின்ன கேம். இதற்கெல்லாம் பழைய, அமுங்கிய கேஸ்கெட்டே போதும். புதியதை அதுவரை பிரிக்காதீர்கள்.