முந்நூறு பேருக்குச் சமைக்கும்போது விடுகிற பிழைகள்

வெள்ளத்துக்குப் பாடசாலையில் இடைத்தங்கல் முகாம் போட்டாலும் சரி, கோயில் அன்னதானம் என்றாலும் சரி, மட்டக்களப்பில் கிடாரம் அடுப்பில் ஏறினால் எல்லோரும் பார்ப்பது ஒன்றைத்தான்: நன்றாக அவிந்ததா, உப்பு உறைப்பு சரியா. நேரத்தை யாரும் பார்ப்பதில்லை. கூட்டத்துக்குச் சமைத்த சாப்பாட்டில் வயிறு கெட்டால், அது அவிந்து இறங்கிய பிறகு எத்தனை மணித்தியாலம் என்ன சூட்டில் கிடந்தது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

வழக்கமாக நடப்பது இதுதான். விடியப்புறம் 3 மணிக்கு அடுப்பு மூட்டி, 6 மணிக்கெல்லாம் சோறு, பருப்பு, கறி எல்லாம் கட்டி, பார்சலைச் சூட்டோடு பெட்டியில் அடுக்கிவிடுவார்கள். அப்புறம் உழவு இயந்திரம் வரவேண்டும். கிரான் பக்கம் வீதியில் தண்ணீர் ஏறியிருந்தால் படகு வரவேண்டும். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் ஒரு ஆள் அந்தப் பார்சலைப் பிரிக்கும்போது பகல் 1 மணி. ஏழு மணித்தியாலம் அந்தச் சோறு சூடாகவும் இல்லை, ஆறவும் இல்லை. சூட்டோடு நெருக்கி அடுக்கிய பெட்டிக்குள் நடுப் பார்சல் வெதுவெதுப்பாகவே கிடக்கும், கிருமிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

“கொதிச்சதுதானே, கிருமி செத்திருக்கும்” என்று சொல்வார்கள். முழுக்கச் சரியில்லை. குளோஸ்திரிடியம் பேர்பிரிஞ்சன்ஸ் என்ற பற்றீரியாவின் வித்திகள் (தடித்த ஓட்டுக்குள் உறங்கிக் கிடக்கும் அதன் விதை மாதிரி) கொதிநீரில் கூடச் சாகாது. கொதித்த கறியில் ஒட்சிசன் குறைவு, இதற்கு அதுதான் பிடிக்கும். ஆழமான கிடாரத்தின் நடுப்பகுதி மெல்ல ஆறி 45 பாகை அளவுக்கு வரும்போது முளைத்துப் பெருகத் தொடங்கும், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கிற வேகத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த வேகத்தில் இரண்டு மணித்தியாலத்தில் ஒன்று நாலாயிரம் ஆகிறது. சாப்பிட்டு 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் வயிற்றுவலியும் வயிற்றோட்டமும் வரும், அதாவது பகல் சாப்பாட்டுக்கு இரவில்தான் தெரியும். அதனால் பழி இரவுச் சாப்பாட்டில் விழுந்துவிடும், மதியக் கறியை யாரும் நினைக்கமாட்டார்கள்.

சோற்றுக்கு வேறொன்று இருக்கிறது, பசிலஸ் சீரியஸ். இதுவும் வித்தி விடுகிற வகைதான். ஆறிப்போன சோற்றில் அது விடுகிற நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே மிஞ்சியதை இரவு மூடி வைத்து விடியச் சூடாக்கிக் கொடுப்பது, அதிலும் புதுச் சோற்றோடு கலந்து கொடுப்பது, இரண்டும் வேண்டாம். குளிரூட்டி இல்லாத இடத்தில் மிச்சத்தைப் பாதுகாக்கப் பெரிய வழி இல்லை, கொட்டத்தான் வேண்டும். பாவம் என்று தோன்றும், ஆனாலும் கொட்டுங்கள்.

மீனிலும் இதே கதைதான். கல்முனைப் பக்கம் சூரை மலிவாக அம்பிட்டது என்று வாங்கி, ஐஸ் இல்லாமல் வெயிலில் கொண்டுவந்தால் அதில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும், எவ்வளவு காய்ச்சினாலும் பொரித்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து கடிக்கும், தலை இடிக்கும். “எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது” என்று நினைப்பார்கள். ஒரே பந்தியில் பத்துப் பேருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகுமா?

சரி, என்ன செய்யலாம்? சாப்பிடும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி அடுப்பை மூட்டுங்கள். சமைத்ததை அறைச் சூட்டில் 2 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது, பரிமாறும் வரை 60 பாகைக்கு மேல் இருக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அமெரிக்கப் படையின் உணவு விதிகளில்கூட, சூட்டில் வைக்க முடியாத சாப்பாட்டுக்கு 4 மணித்தியாலம்தான் எல்லை, அதற்குப் பிறகு குப்பைக்கு. நம் கிடாரத்துக்கு ஒரு வெப்பமானி வாங்குவது பெரிய செலவில்லை. முகாமிலேயே மெல்லிய நெருப்பில் கிடாரத்தை வைத்துக் கோப்பையில் பரிமாறினால் பார்சல் தொல்லையே இல்லை. தூரத்துக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்றால் பாண், வாழைப்பழம், பிஸ்கட் அனுப்புங்கள். “சோறு குடுக்காமல் பாண் குடுத்தாங்களாம்” என்ற பேச்சுக்குப் பயந்துதான் பலர் தேங்காய்ப்பால் கறியைப் பார்சலில் அனுப்புகிறார்கள், அந்தக் கூச்சம் தேவையில்லாதது. தேங்காய்ச் சம்பலும் பயணத்துக்கு ஆகாது, பச்சைத் தேங்காய், கையால் பிசைந்தது, வெயிலில் சீக்கிரம் புளிக்கும். கையைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: விரலில் வெட்டுக்காயமோ கொப்புளமோ உள்ளவர் எவ்வளவு கெட்டிக்காரச் சமையல்காரராக இருந்தாலும் அன்று விறகு தள்ளட்டும், சோற்றைத் தொட வேண்டாம்.

மலசலகூடத்துக்குப் பக்கத்தில் குசினி போடுவது அடுத்த பிழை. 1898இல் ஸ்பெயினோடு நடந்த போரின்போது அமெரிக்கப் படை முகாம்களில் 20,000 பேருக்கு மேல் நெருப்புக்காய்ச்சல் வந்து, 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள். சண்டையில் செத்தவர்கள் அதைவிட எவ்வளவோ குறைவு. படை மருத்துவர் வால்ட்டர் ரீட் தலைமையிலான குழு போய்ப் பார்த்தபோது, மலக்குழியில் தூவிய சுண்ணாம்பு காலில் ஒட்டிய ஈக்கள் சாப்பாட்டு மேசையில் நடந்து திரிந்தன. நம் பாடசாலைகளில் குழாயும் மலசலகூடமும் ஒரே மூலையில் இருப்பதால் அடுப்பும் அங்கேயே போய்விடுகிறது. தண்ணீரைக் குடத்தில் தூக்கினாலும் பரவாயில்லை, அடுப்பைத் தள்ளிப் போடுங்கள். வெள்ளம் ஏறி இறங்கிய கிணற்றுத் தண்ணீரைக் குளோரின் போடாமல், கொதிக்க வைக்காமல் குடிக்கக் கொடுக்கவும் வேண்டாம்.

ஒவ்வொரு நேரமும் ஒரு பார்சலை எடுத்துத் திகதி, நேரம் எழுதி ஐஸ் பெட்டியில் ஒதுக்கி வையுங்கள். யாருக்காவது வயிற்றோட்டம் தொடங்கினால் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) கரைத்துக் கொடுங்கள், இரத்தம் போனாலோ காய்ச்சல் ஏறினாலோ உடனே ஆஸ்பத்திரி. பி.எச்.ஐ.க்கும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அப்போதே அறிவியுங்கள். முதல் ஆள் வாந்தி எடுத்ததும், கெட்ட பெயர் வந்துவிடும் என்று கிடாரத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். பி.எச்.ஐ. வந்து கேட்கும்போது காட்டுவதற்கு அந்தப் பார்சல் ஒன்றுதான் மிஞ்சும்.