ஸ்பானிஷில் 'டீச்சர்': தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கும் தமிழர்களை 'ப்ரொஃபெஸோர்' என்ற சொல் எளிதில் ஏமாற்றிவிடும். நம் காதில் அது கல்லூரிப் பேராசிரியர் என்றே விழுகிறது. அதனால் பள்ளி ஆசிரியரைக் குறிக்க வேறு சொல் தேடுகிறோம். தேவையே இல்லை. ஸ்பெயினில் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துபவர், கிட்டார் சொல்லித்தருபவர், டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்காருபவர் எல்லோருமே ப்ரொஃபெஸோர்தான். பல்கலைக்கழகத்தின் உச்சப் பதவியில் இருக்கும் பேராசிரியரைக் குறிப்பிட்டுச் சொல்ல அங்கே 'கத்தெத்ராத்திக்கோ' என்ற சொல் இருக்கிறது. அது பதவிப் பெயர். கல்லூரியில் பாடம் எடுக்கும் எல்லோருக்கும் அதைப் போடக் கூடாது.

அடுத்து 'மயெஸ்த்ரோ'. மேஸ்ட்ரோ என்றதும் நமக்கு இளையராஜாதான் நினைவுக்கு வருவார். ஸ்பானிஷிலும் இசை மேதைகளை அப்படி அழைப்பதுண்டு. ஆனால் அன்றாடப் பேச்சில் மயெஸ்த்ரோ, மயெஸ்த்ரா என்றால் முதலில் தொடக்கப் பள்ளி ஆசிரியர். ஸ்பெயினின் அரசுப் பணியிலேயே தொடக்கப் பள்ளிக்கு மயெஸ்த்ரோக்கள், மேல்நிலைக்கு ப்ரொஃபெஸோர்கள் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. அர்ஜென்டினாவில் இரு தரப்புக்கும் தனித்தனி நாளே இருக்கிறது: செப்டம்பர் 11 மயெஸ்த்ரோ தினம், 1888-இல் அதே தேதியில் மறைந்த, கல்வியை வளர்த்த முன்னாள் அதிபர் சர்மியெந்தோவின் நினைவாக, செப்டம்பர் 17 ப்ரொஃபெஸோர் தினம்.

இதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு எல்லா நாட்டுக்கும் போகலாமா என்றால், அங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். மெக்சிகோவில் பல்கலைக்கழக மாணவர்கள்கூட தங்கள் ஆசிரியரை மயெஸ்த்ரோ என்று மரியாதையாக அழைப்பார்கள். முதுகலைப் பட்டம் பெற்றவரின் பெயருக்கு முன்னாலும் அதைப் போடுவார்கள். சிலியில் நிலைமை தலைகீழ். அங்கே மயெஸ்த்ரோ என்றால் பெரும்பாலும் கொத்தனார், குழாய் பழுது பார்ப்பவர் போன்ற கைவினைஞர். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவரும் ப்ரொஃபெஸோர்தான், ஆசிரியர் தினமும் அந்தப் பெயரில்தான் (அக்டோபர் 16). பாலர் பள்ளி ஆசிரியையை அங்குள்ள குழந்தைகள் 'தீயா', அதாவது அத்தை என்றே கூப்பிடுவார்கள். ஆகவே பேசப் போகும் நாட்டை முடிவு செய்துவிட்டுச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். அகராதி இதையெல்லாம் ஒரே வரியில் அடுக்கிவிட்டுப் போய்விடும்.

டியூஷன் எடுப்பவரை 'தூத்தோர்' என்பது இன்னொரு தவறு. ஸ்பெயின் பள்ளிகளில் தூத்தோர் என்றால் வகுப்பாசிரியர். பெற்றோர் சந்திப்புக்கு நம்மை அழைப்பவர் அவர்தான். டியூஷன் டீச்சர் 'ப்ரொஃபெஸோர் பர்த்திகுலார்'. அப்புறம் நாம் 'மாஸ்டர்' என்று ஒரே சொல்லில் முடிக்கும் ஆட்களும் பிரிந்துபோவார்கள்: அணிக்குப் பயிற்சி தருபவர் 'என்த்ரெனாதோர்', ஸ்பெயினில் நீச்சல், பனிச்சறுக்கு சொல்லித்தருபவர் 'மோனித்தோர்'.

தமிழில் ஆசிரியர் என்ற சொல் இருபாலருக்கும் பொது. அந்தப் பழக்கத்தில் பெண் ஆசிரியரையும் ப்ரொஃபெஸோர் என்று எழுதிவிடுகிறோம். ப்ரொஃபெஸோரா, மயெஸ்த்ரா, கத்தெத்ராத்திக்கா என்று மாற்றியே ஆகவேண்டும். கற்பிப்பவர் என்ற பொதுச் சொல்லான 'தொசெந்தே' மட்டும் மாறாது. முன்னால் வரும் 'எல்' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) என்ற சிறு சொற்கள் பாலைக் காட்டிவிடும். விண்ணப்பம், அறிக்கை போன்ற இடங்களில் எந்த நிலை ஆசிரியருக்கும் அது பொருந்தும். பேச்சில் சொன்னால் விறைப்பாக இருக்கும்.

தொழிலை மட்டும் சொல்லும்போது 'சோய் ப்ரொஃபெஸோரா' (நான் ஆசிரியை) என்றால் போதும். நடுவே 'ஒரு' என்று பொருள் தரும் 'உனா' வேண்டாம். 'நல்ல ஆசிரியை' என்று அடைமொழி சேர்த்தால் 'சோய் உனா புவெனா ப்ரொஃபெஸோரா' என்று அது திரும்ப வரும்.

வகுப்பில் கூப்பிடும்போது, 'சார்' என்பதை 'செஞோர்' ஆக்காதீர்கள். பெரும்பாலான நாடுகளில் 'ப்ரொஃபே' என்று கூப்பிட்டால் சரி, ஆண் பெண் இருவருக்கும் அதுவே.